கருப்பை வாய்ப் புற்றுநோய்: ஒரே இடத்தில் எடுக்கும் பயாப்ஸி போதுமா?

மும்பை: கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் உள்ளதா என்பதை உறுதிசெய்ய, பயாப்ஸி எனப்படும் திசுப் பரிசோதனையையே மருத்துவர்கள் நம்பியுள்ளனர். ஆனால், ஒரே இடத்தில் மட்டும் திசு எடுத்தால், சிகிச்சை தேவைப்படும் மாற்றங்கள் தவறிவிடக்கூடும் என ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 1.5 லட்சம் பெண்கள் இடம்பெற்றனர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பரிசோதித்தனர். அப்பிரிவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 31 சதவீதம் குறைந்ததாக 2013-இல் அறிவிக்கப்பட்டது.

பயாப்ஸி எதற்கு?

அமிலம் பட்டதும் மாறுபட்ட திசு வெண்மையாகத் தெரியும். ஆனால், அழற்சியாலும் வெண்திட்டு தோன்றலாம். எனவே, கோல்போஸ்கோப் கருவியால் உருப்பெருக்கிப் பார்த்து, சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் திசு எடுக்கப்படுகிறது.

தவறுவது ஏன்?

எடுத்த துண்டில் உள்ளதை மட்டுமே பயாப்ஸி சொல்லும். அருகிலுள்ள பாதிப்பு விடுபடலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, மாற்றம் தொடங்கும் பகுதி கருப்பை வாயின் உட்குழாய்க்குள் சென்றுவிடுவதால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

அமெரிக்காவில் 690 பெண்களிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், ஒரு திசு மாதிரி தீவிர முன்மாற்றங்களில் 60.6 சதவீதத்தையே கண்டறிந்தது. இரண்டு மாதிரிகளில் இது 85.6 சதவீதமாகவும், மூன்றில் 95.6 சதவீதமாகவும் உயர்ந்தது. வெண்திட்டுகள் இருப்பின் இரண்டு முதல் நான்கு இடங்களில் திசு எடுக்க அமெரிக்க வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன.

கேட்க வேண்டியவை

தாராவியோ, மாட்டுங்காவோ, செம்பூரோ, எங்கு வசிக்கும் பெண்ணாயினும் மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேட்கலாம்: எத்தனை இடங்களில் திசு எடுக்கப்பட்டது? மாற்றம் தொடங்கும் பகுதி முழுமையாகத் தெரிந்ததா? அடுத்த பரிசோதனை எப்போது?

லேசான மாற்றங்கள் பெரும்பாலும் தாமாகவே மறையும். தீவிர மாற்றங்கள் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, முதல் பயாப்ஸியில் தவறியதை, மருத்துவர் குறித்த நாளில் செய்யும் மறுபரிசோதனையில் கண்டறிய வாய்ப்புண்டு. முடிவு இயல்பாக இருந்தாலும், உடலுறவுக்குப் பின்னரோ மாதவிடாய் நின்ற பின்னரோ இரத்தக்கசிவு ஏற்பட்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.