பழவேற்காட்டு ஏரியின் வலசைப் பக்ஷிகளும் நன்செய்ப் பயிரும்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குங் காலத்தில், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி தாலூகாக்களையொட்டிய பழவேற்காட்டு ஏரிக்கு வடதேசத்துப் பக்ஷிகள் வந்து சேருகின்றன. இவற்றால் பயிருக்குச் சேதமென்று குடியானவர்கள் முறையிடுவதுண்டு. அம்முறையீட்டில் உண்மையைவிட அச்சமே அதிகம்.

பூநாரை ஆழமில்லாத உப்பு ஜலத்தில் நின்று, வளைந்த அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, ஜலத்தை நாவினால் உள்ளிழுத்து வெளித்தள்ளிச் சிறு ஜந்துக்களையும் பாசியையும் அரித்தெடுக்கும். நெல்லை நாடி அது இங்கு வரவில்லை. ஊசிவால் வாத்தின் சங்கதி வேறு. அது பகலில் இளைப்பாறி, அந்தியில் கூட்டமாகப் பறந்து, நீர் நின்ற இடங்களில் களைவிதையும் சிந்திய நெல்லும் தின்னும். புதிதாக நட்ட வயலில் இறங்கினாலோ நாற்று மிதிபடும். ஆகையால் இரண்டு மூன்று இரவு வரப்பில் ஓசையின்றி நின்று, எவ்வயலில் இறங்குகின்றனவென்று முதலில் பார்த்தல் வேண்டும். நட்ட வயலுக்கு லாந்தரும் தகரவோசையும் வைத்தால், மற்றவற்றைச் சும்மா விடலாம்.

விஷந் தோய்த்த தானியம் இறைப்பது பெருந்தவறு. வீட்டுக்கோழியும் அதற்கு இரையாகும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாம். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் சரணாலயமாகும்.

திருவள்ளூர் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், வேடந்தாங்கல் கிராமத்தார் பக்ஷியெச்சங் கலந்த ஏரிஜலம் பயிருக்கு உரமென்று கண்டு, அவற்றைச் சுடாதிருக்கப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் கௌல் பெற்றனர்.