ஒற்றைக்கால் வாயிலும் கற்பூர மரங்களும்

நாகசாகியின் சன்னோ ஷிண்டோ ஆலயத்துக்குப் படியேறிப் போகிறவர்கள் பாதி வாயிலைக் கடந்துதான் போகவேண்டும். ஒரே ஒரு கல்தூண். அதன் தலையில் பாதி உத்திரம். உடைந்து விழுந்த மறுபாதியின் துண்டுகளை அருகிலேயே கிடத்தி வைத்திருக்கிறார்கள்.

1945 ஆகஸ்ட் 9, முற்பகல் 11:02. தரையிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தது. அதன் நேர்கீழிடத்துக்கும் ஆலயத்துக்கும் இடையே சுமார் 800 மீட்டர்தான். ஆலயக் கட்டடங்கள் தரைமட்டமாயின. 'தோரீ' எனப்படும் வாயில்கள் நான்கில் இரண்டு மட்டும் மிஞ்சின. குண்டின் பக்கம் இருந்த தூணை இழந்து நிற்பது இரண்டாவது வாயில். ஏறக்குறைய முழுதாகவே தப்பிய முதல் வாயிலை 1962இல் ஒரு சாலை விபத்து சாய்த்துவிட்டது!

வீடுகளே விழுந்தபோது தூண் எப்படி நின்றது? விரித்த குடையைக் காற்று பிடுங்கும், மடக்கிய குடையை விட்டுவிடும். சுவரும் கூரையும் வெடிப்பலையை முழுதாக வாங்கிக்கொள்கின்றன. உருண்டைத் தூணிலோ அலை மோதும் பரப்பு குறைவு. காற்று இருபுறமும் வழுக்கி ஓடிவிடுகிறது. மேலிருந்து அழுத்தும் கல்லின் பாரமும் தூணைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

வாயிலைத் தாண்டினால் இரண்டு கற்பூர மரங்கள். வயது 500 முதல் 600 ஆண்டு என மதிப்பிடுகிறார்கள். நாம் ஆரத்தியில் ஏற்றும் கற்பூரம் ஒரு காலத்தில் இந்த இன மரத்திலிருந்தே வடிக்கப்பட்டது. எளிதில் பற்றும் அந்தப் பொருளை உடலெங்கும் வைத்திருக்கும் மரங்கள்தாம் அன்றைய தீயைத் தாங்கின. கிளைகள் முறிந்தன, இலைகள் போயின, அடிமரம் கருகியது. இரண்டு மாதம் போல ஆனதும் துளிர்விட்டன.

கருகிய மரம் எப்படித் துளிர்த்தது? விடை மரத்தின் அமைப்பில் இருக்கிறது. குண்டின் வெப்பக்கதிர் கடுமையானது, ஆனால் சில நொடிகளே நீடித்தது. தடித்த பட்டையைத் துளைத்து உள்ளே இறங்க அந்த அவகாசம் போதாது. மரத்தை வளர்க்கும் உயிரணுக்கள் பட்டைக்கு அடியில் மெல்லிய படலமாக இருக்கின்றன. நடுவைரம் பெரும்பாலும் உயிரற்றது. அதனால்தான் உள்ளே பொந்து விழுந்த மரமும் தழைக்கிறது. பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் வேறு உண்டு. நுனிக்கிளைகள் இருக்கும்வரை அங்கிருந்து வரும் வளர்ச்சிச் சுரப்பு அவற்றை அடக்கி வைக்கும். நுனி அழிந்தால் அந்தத் தடை நீங்கி மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. வேரில் சேமித்த மாவுச்சத்து அவற்றுக்கு முதல் உணவு.

1969இல் நாகசாகி நகரம் இம்மரங்களை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. பிற்காலத்தில் மரத்துக்குச் சிகிச்சை செய்தவர்கள், வெடிப்பலை அள்ளி எறிந்த கற்களை அதன் பொந்துக்குள் கண்டார்கள். இவற்றின் வழிவந்த கன்றுகள் இன்று ஜப்பானின் பல ஊர்களில் வளர்கின்றன.