கொப்பளிப்பான் சிறு நோயா?

"கொப்பளிப்பான்தானே, ஒரு கிழமையில் இறங்கிவிடும்" என்று சொல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை. வாசலில் வேப்பிலை தொங்கும். பிள்ளை பத்தியச் சோறுண்டு தனியறையிற் கிடக்கும். நோய் இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரில் முழுகும். நானும் அவ்வாறு கிடந்து எழுந்தவனே. ஆதலின் அதனை ஒரு நோயென்று எண்ணாது, குழந்தைப் பருவத்துச் சடங்குகளில் ஒன்றென்றே எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தவன் என் பேரன். ஐந்து வயதில் அவனுக்குக் கொப்பளங்கள் போட்டன. அவை காய்ந்துவரும் வேளையில் காய்ச்சல் மீண்டும் ஏறிற்று. சொறிந்த கொப்பளமொன்று சிவந்து தொடை வீங்கிற்று. "அம்மாள் இறங்கும்போது இப்படித்தான்" என்று கூறி வைத்தியரிடம் போகவிடாது இரண்டு நாட்கள் தடுத்தவன் நானே. பின்னர் ஒன்பது நாட்கள் வைத்தியசாலையில் மருந்தேற்றியே அவனை மீட்டனர். அந்த இரண்டு நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை.

புண்வழியே வேறு கிருமிகள் புகுந்து இரத்தத்தை நஞ்சாக்குதல், நியூமோனியா, மூளை அழற்சி, நடை தள்ளாடுதல் ஆகியன இந்நோயின் பின்விளைவுகள் என்று வைத்தியர் அன்று விளக்கினார். காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் வேறோர் ஆபத்தும் நேரலாமாம். நோஞ்சான் பிள்ளைகளுக்கே இவை வருமென்பதில்லை. ஓடியாடித் திரிந்த பிள்ளைக்கும் வரும். எந்தப் பிள்ளைக்கு என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை.

என்னைப் போலவே ஒரு பிள்ளையின் படுக்கையருகே விழித்திருந்த தந்தையொருவரைப் பற்றிப் பின்னர் படித்தேன். அவர் யப்பானிய விஞ்ஞானி மிச்சியாக்கி தக்கஹாஷி. 1964 இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, மூன்று வயது மகனை இந்நோய் கடுமையாகப் பற்றிற்று. காய்ச்சல் ஏறிற்று, மூச்சுத் திணறிற்று. வைரசுகளைக் கற்ற தந்தைக்கும் பார்த்திருப்பதன்றி வேறு வழியிருக்கவில்லை. மகன் பிழைத்தான், தந்தை அதனை மறக்கவில்லை. ஒசாக்கா திரும்பியபின், ஓக்கா என்னும் குடும்பப் பெயருடைய சிறுவனின் கொப்பளத்திலிருந்து வைரசைப் பிரித்தெடுத்து, மனித உயிரணுக்களிலும் கினிப்பன்றியின் உயிரணுக்களிலும் பன்முறை வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார். 1974 இல் அத்தடுப்பூசி பற்றிய ஆய்வு வெளியாயிற்று. அந்த வைரசு இன்றும் ஓக்கா என்றே பெயர்பெறும்.

ஐக்கிய அமெரிக்கா 1995 இல் அதனை ஏற்றது. அதற்குமுன் அங்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 40 இலட்சம் பேர் நோயுற்றனர். பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வைத்தியசாலை சேர்ந்தனர். 100 முதல் 150 பேர் வரை இறந்தனர். தடுப்பூசி பரவியபின் அந்நோய் பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே குறைந்துவிட்டது. சிறு நோயென்று நாம் சொல்வதற்குள் இத்தனை சிறு பாடைகள் மறைந்திருந்தன!

இவ்வூசியை இரண்டு முறை போடுவர். முதலாவது ஓராண்டு நிரம்பியபின். போட்டவர்க்கும் சிலவேளை நோய் வரலாம். வரினும் பெரும்பாலும் சில கொப்பளங்களோடு நிற்கும். உயிருள்ள, வீரியங் குறைந்த வைரசாதலால் கர்ப்பிணிகளுக்கும், நோயெதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களுக்கும் போடலாகாது. அத்தகையோரைக் காப்பதும் அயலிலுள்ள பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் ஊசியே.

பேரனுக்குப் பின் பிறந்த தங்கைக்கு ஓராண்டு நிரம்பியதும் நானே அவளைத் தூக்கிச் சென்றேன். புறப்படும்போது என் மனைவி அம்மாளை வேண்டி அவள் நெற்றியில் திருநீறு பூசினாள். நான் தடுக்கவில்லை. வேண்டுதலும் ஊசியும் ஒன்றோடொன்று பகையல்ல. பகையாயிருந்தது, "ஒரு கிழமையில் இறங்கிவிடும்" என்ற என் அலட்சியமே.