சொற்செயலி ஆவணத்தில் வேண்டாத பக்கங்களை நீக்குதல்

சொற்செயலி ஆவணத்தில் பக்கங்களை நீக்குதல் என்பது, கணினியில் உருவாக்கப்பட்ட ஓர் ஆவணத்தில் தேவையின்றித் தோன்றும் வெற்றுப் பக்கங்களையோ, வேண்டாத உள்ளடக்கம் கொண்ட பக்கங்களையோ அகற்றும் செயல் ஆகும். மைக்ரோசாப்ட் வேர்ட், லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போன்ற சொற்செயலிகளில் பக்கம் என்பது தனியே சேமிக்கப்படும் ஒரு பொருள் அன்று. எழுத்துக்களும் பத்திகளும் தாளின் அளவுக்கு ஏற்ப அடுக்கப்படும்போது உண்டாகும் விளைவே பக்கம் ஆகும். ஆகவே ஒரு வெற்றுப் பக்கத்தை நீக்க, அதைத் தோற்றுவித்த காரணத்தைக் கண்டறிந்து அக்காரணத்தை நீக்க வேண்டும்.

பின்னணி

தட்டச்சுப் பொறியில் பக்கம் என்பது ஒரு தாள். அத்தாளை எடுத்துவிட்டால் பக்கமும் போய்விடும். சொற்செயலிகளில் இந்நிலை மாறியது. 1970களின் இறுதியில் வெளிவந்த வேர்ட்ஸ்டார் மென்பொருளில், புதிய பக்கம் தொடங்க வேண்டிய இடத்தில் புள்ளியில் தொடங்கும் ஒரு கட்டளையைத் தனி வரியில் எழுத வேண்டும். வேர்ட்பெர்ஃபெக்ட் மென்பொருள் பக்க முறிவுகளை இரண்டு வகையாகக் காட்டியது. பக்கம் நிரம்பியதால் தானாக உண்டாவது மென் முறிவு. பயனர் விசையை அழுத்தி இடுவது வன் முறிவு. இப்பாகுபாடு இன்றைய சொற்செயலிகளுக்கும் பொருந்தும். வன் முறிவை நேரடியாக அழிக்கலாம். மென் முறிவை அழிக்க இயலாது; உரையின் அளவையோ அமைப்பையோ மாற்றியே அதனை நகர்த்த முடியும்.

வேர்ட் 2007 முதல் பயன்படும் டாக்எக்ஸ் கோப்பு வடிவம், சுருக்கிக் கட்டப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்புகளின் தொகுதியாகும். அதனுள் பத்திகள், அட்டவணைகள், படங்கள் ஆகியவை பதியப்பட்டிருக்கும். தனித்தனிப் பக்கங்களாக உரை பிரித்து வைக்கப்பட்டிருப்பதில்லை. ஆவணம் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் பக்கங்கள் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன.

வெற்றுப் பக்கம் தோன்றுவதற்கான காரணங்கள்

பொதுவான காரணங்கள் பின்வருமாறு:

1. வெற்றுப் பத்திகள்: என்டர் விசையைப் பலமுறை அழுத்துவதால் உண்டாகும் வெறும் பத்திகள் அடுத்த பக்கத்திற்கு வழிந்து செல்லும்.
2. வன் பக்க முறிவு: கண்ட்ரோல், என்டர் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இது இடப்படும்.
3. பகுதி முறிவு: ஆவணத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் வேறு ஓரவெளி, வேறு தலைப்புப்பட்டை முதலியன அமைக்க இது பயன்படுகிறது. இதன் சில வகைகள் புதிய பக்கத்தில்தான் அடுத்த பகுதியைத் தொடங்கும்.
4. பத்திப் பண்புகள்: "இப்பத்திக்கு முன் புதிய பக்கம்", "அடுத்த பத்தியுடன் சேர்ந்திரு" போன்ற அமைப்புகள் உரையை அடுத்த பக்கத்திற்குத் தள்ளும்.
5. அட்டவணைக்குப் பின்வரும் பத்தி: வேர்டில் ஆவணம் அட்டவணையுடன் முடிய இயலாது. அதன்பின் ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். அட்டவணை பக்கத்தின் அடிவரை நிரம்பியிருந்தால் அவ்வெற்றுப் பத்தி புதிய பக்கத்திற்குச் சென்றுவிடும்.
6. தாள் அளவு: ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர் அளவுடையது. அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாளின் நீளம் சுமார் 279 மில்லிமீட்டர் மட்டுமே. ஏ4 தாளில் சரியாக அடங்கிய உரை, லெட்டர் தாளுக்கு மாற்றப்படும்போது அடுத்த பக்கத்திற்கு வழியக்கூடும்.

காரணத்தைக் கண்டறிதல்

அச்சில் வராத குறிகளைத் திரையில் காட்டுவதே முதற்படியாகும். வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், 8 ஆகிய விசைகளையும், லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் கண்ட்ரோல், எஃப்10 ஆகிய விசைகளையும் சேர்த்து அழுத்தினால் இவை தோன்றும். ஒவ்வொரு பத்தியின் இறுதியிலும் பத்திக்குறி (¶) காணப்படும். வேர்டில் பக்க முறிவு ஒற்றைப் புள்ளிக்கோடாகவும், பகுதி முறிவு இரட்டைப் புள்ளிக்கோடாகவும் பெயருடன் தெரியும். ஒரு பத்தியின் இடப்புறம் சிறிய கருஞ்சதுரம் தெரிந்தால், மேற்கூறிய பத்திப் பண்புகளுள் ஒன்று அதற்கு இடப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

நீக்கும் முறைகள்

வெற்றுப் பத்திகளையும் வன் பக்க முறிவையும் தெரிவு செய்து டெலீட் விசையால் அழிக்கலாம். பத்திப் பண்பால் உண்டான பக்கத்திற்கு, பத்தி அமைப்புப் பெட்டியில் அப்பண்பின் குறியை எடுத்துவிட வேண்டும்.

அட்டவணைக்குப் பின்வரும் பத்தியை அழிக்க இயலாது, ஆனால் சுருக்கலாம். அப்பத்திக்குறியின் எழுத்தளவை 1 புள்ளியாகவும், வரி இடைவெளியைச் சரியாக 1 புள்ளியாகவும், முன்பின் இடைவெளிகளைச் சுழியமாகவும் அமைத்தால் அது பெரும்பாலும் முந்தைய பக்கத்திலேயே அடங்கிவிடும். ஒரு புள்ளி என்பது ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு.

உள்ளடக்கம் கொண்ட ஒரு முழுப் பக்கத்தை வேர்டில் நீக்க, சுட்டியை அப்பக்கத்தில் வைத்துக் கண்ட்ரோல், ஜி விசைகளை அழுத்த வேண்டும். தோன்றும் பெட்டியில், பின்சாய்வுக் கோட்டை இட்டு, அதை ஒட்டி "பேஜ்" என்னும் சொல்லை ஆங்கில எழுத்துக்களில் எழுதி என்டர் விசையை அழுத்தினால் அப்பக்கத்தின் உரை முழுதும் தெரிவு செய்யப்படும். பெட்டியை மூடிவிட்டு, தெரிவு சரிதானா என்று பார்த்தபின் டெலீட் விசையை அழுத்தலாம். அதன்பின் அடுத்த பக்கத்தின் உரை மேலேறி அவ்விடத்தை நிரப்பும்.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் பக்க முறிவு என்பது தனிக் குறி அன்று. அதைத் தொடர்ந்து வரும் பத்தியின் பண்பு ஆகும். முறிவு உள்ள பக்கத்தின் மேல் எல்லையில் சுட்டியைக் கொண்டு சென்றால், முறிவை நீக்குவதற்கான பட்டி தோன்றும்.

பகுதி முறிவை நீக்குவதில் கவனம்

வேர்டில் ஒரு பகுதியின் ஓரவெளி, தாளின் திசை, தலைப்புப்பட்டை, அடிப்பட்டை ஆகியவை அப்பகுதியின் இறுதியில் உள்ள முறிவில் சேமிக்கப்படுகின்றன. அம்முறிவை அழித்தால், முன்னுள்ள உரை பின்னுள்ள பகுதியின் அமைப்பை ஏற்றுக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, நெடுவாக்கில் அமைந்த ஆய்வேட்டின் இறுதியில் கிடைவாக்கில் ஒரு அட்டவணைப் பகுதி இருப்பின், இடையிலுள்ள முறிவை அழித்தவுடன் முந்தைய பகுதி முழுதும் கிடைவாக்காக மாறிவிடும். உடனே கண்ட்ரோல், இசட் விசைகளை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இரு பகுதிகளின் தாள் அளவும் திசையும் ஒன்றாக இருப்பின், முறிவை அழிக்காமல் அதன் வகையைத் "தொடர்ச்சி" என மாற்றுவது பாதுகாப்பானது. இதற்குச் சுட்டியை முறிவுக்குப் பின்னுள்ள பகுதியில் வைத்து, பக்க அமைப்புப் பெட்டியில் பகுதித் தொடக்கத்தை மாற்ற வேண்டும்.

வேண்டுமென்றே விடப்படும் வெற்றுப் பக்கங்கள்

எல்லா வெற்றுப் பக்கங்களும் பிழை அல்ல. நூல்களில் அத்தியாயங்களை வலப்புறப் பக்கத்தில், அதாவது ஒற்றைப்படை எண்ணுள்ள பக்கத்தில் தொடங்குவது மரபு. முந்தைய அத்தியாயம் 3ஆம் பக்கத்தில் முடிந்தால், அடுத்தது 5ஆம் பக்கத்தில் தொடங்கும். 4ஆம் பக்கம் வெறுமையாக இருக்கும். ஒற்றைப்பக்கப் பகுதி முறிவு இடப்பட்ட வேர்ட் ஆவணத்தில் இப்பக்கம் திரையில் தெரியாது. அச்சில் மட்டும் வரும். ரைட்டரில், தானாகச் சேர்க்கப்படும் வெற்றுப் பக்கங்களை அச்சிடலாமா வேண்டாமா என்பதைத் தெரிவு செய்யலாம். இருபுறமும் அச்சிடப்படும் நூலில் இவற்றை நீக்கினால், பின்வரும் பக்கங்களின் இடவல ஒழுங்கு மாறிவிடும்.

தமிழ் ஆவணங்கள்

பாமினி, திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் உள்ள உரையை ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுத்துருவும் மாறுகிறது. அதனால் எழுத்துக்களின் அகலமும் வரிகளின் உயரமும் வேறுபட்டு, பக்க எண்ணிக்கை கூடவோ குறையவோ செய்யும். லதா எழுத்துருவில் உருவான ஆவணத்தை, அவ்வெழுத்துரு இல்லாத லினக்சுக் கணினியில் திறந்தால் வேறொரு தமிழ் எழுத்துரு இடப்பட்டு இதே விளைவு உண்டாகலாம். எழுத்துருவைக் கோப்பிலேயே பதித்து அனுப்புவதும், பிடிஎஃப் வடிவில் அனுப்புவதும் இதனைத் தவிர்க்கும் வழிகள். பிடிஎஃப் கோப்பில் பக்கம் என்பது தனிப்பொருளாகவே சேமிக்கப்படுவதால், பிற பக்கங்களின் அமைப்பு மாறாமல் ஒரு பக்கத்தை மட்டும் நீக்க முடியும்.

நீக்கத்தின் பக்கவிளைவுகள்

ஒரு பக்கத்தின் உரையை அழிக்கும்போது, அவ்வுரையுடன் பிணைக்கப்பட்ட படங்களும் அடிக்குறிப்புகளும் சேர்ந்து அழியும். நீக்கிய தலைப்பைச் சுட்டும் குறுக்கு மேற்கோள்கள், புதுப்பிக்கப்படும்போது பிழைச்செய்தியைக் காட்டும். பொருளடக்கத்தையும் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். இல்லையெனில் பழைய பக்க எண்களே அச்சாகும்.

திரையிலிருந்து மறைவது மட்டும் நீக்கம் ஆகாது. மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதி செயல்பாட்டில் இருக்கும்போது அழிக்கப்படும் உரை, அம்மாற்றம் ஏற்கப்படும் வரை கோப்பினுள் இருக்கும். மறை எழுத்தாக மாற்றப்பட்ட உரையும் அவ்வாறே. 2004ஆம் ஆண்டில் எஸ்சிஓ குழுமம், டெய்ம்லர்கிரைஸ்லர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு மனுவின் வேர்ட் கோப்பு இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அம்மனு முதலில் பேங்க் ஆஃப் அமெரிக்கா வங்கிக்கு எதிராக எழுதப்பட்டிருந்தமை, கோப்பில் எஞ்சியிருந்த நீக்கப்பட்ட உரையிலிருந்து வெளிப்பட்டது. வேர்ட் 2007 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஆவணச் சோதனைக் கருவி, இத்தகைய எச்சங்களைக் கண்டறிந்து அகற்ற உதவுகிறது. மந்தணமான பக்கங்களை நீக்கிய பின்னர், கோப்பைப் பிறருக்கு அனுப்புவதற்கு முன் இச்சோதனையைச் செய்தல் இன்றியமையாதது.