ஈகையின் உச்சிப் படி: மைமோனிடிஸின் அறநெறியும் மலையகமும்

தமிழில் அறம் என்னும் சொல் ஈகையையும் குறிக்கும், நீதியையும் குறிக்கும். வறியார்க்கு வழங்குதலை அறஞ்செய்தல் என்கின்றோம். வழக்கினை ஆராயும் மன்றத்தை அறங்கூறவையம் என்றனர் நம் முன்னோர். எபிரேய மொழியிலும் இத்தகைய சொல்லொன்று உண்டு. ஈகையைக் குறிக்கும் 'செதாக்கா' என்னும் அச்சொல் நீதி என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. கொடுப்பது கொடுப்பவனது பெருந்தன்மையன்று, அவன் ஆற்ற வேண்டிய கடனே என்பது இவ்விரு வழக்குகளிலும் அமைந்த கருத்தாகும். இக்கருத்தை ஒழுங்குற வகுத்து விளக்கிய யூத மெய்யியலாளர் மோசே பென் மைமோன். உலகம் அவரை மைமோனிடிஸ் என்று அறியும்.

அவர் 1138ஆம் ஆண்டளவில் இசுபானிய நாட்டின் கொர்டோவா நகரிற் பிறந்தார். 1148இல் அல்மொகாத்துகள் அந்நகரைக் கைப்பற்றியபின் அவர்தம் குடும்பம் ஊர்விட்டு ஊர் அலைந்து, மொரொக்கோவின் பெஸ் நகரிற் சிலகாலம் தங்கி, 1165இல் பாலஸ்தீனம் சென்று, ஈற்றில் எகிப்தில் நிலைகொண்டது. மணிவணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கிய தம்பி தாவீது, இந்தியாவை நோக்கிய கடற்பயணத்தில் மாண்டார். அத்துயரால் நெடுநாள் நோயுற்றுக் கிடந்த மைமோனிடிஸ், எழுந்தபின் மருத்துவத் தொழிலையே வாழ்வுக்கு வழியாகக் கொண்டார். சலாதீன் மன்னனது அமைச்சருக்கும் அவர் மருத்துவராயிருந்தார். சமயக் கல்வியைக் காட்டிப் பிறர் பொருளில் வாழ்தல் தகாது என்பது அவர் கொள்கை. 1204இல் அவர் மறைந்தார்.

மருத்துவராகிய அவர் அறத்தையும் மருத்துவனின் கண்கொண்டே நோக்கினார். உடலுக்குப் பிணி உள்ளதுபோல் உள்ளத்துக்கும் பிணி உண்டு. உலோபமும் ஊதாரித்தனமும் இரு கோடிகள். நடுவிலுள்ள வழியே நலம். உலோபியைத் திருத்த விரும்பினால் அவனை மீண்டும் மீண்டும் கொடுக்கச் செய்து, மறுகோடியின் பக்கமாகச் சிறிது வளைத்து, பின் நடுவே நிறுத்தல் வேண்டும். செருக்கையும் சினத்தையும் மாத்திரம் நடுவழியில் நில்லாது முற்றாக விலக்குக என்றார். குணம் என்பது பழக்கத்தால் விளைவது. ஆகவே ஆயிரம் நாணயங்களை ஒருவனுக்கு ஒருமுறை அளிப்பதிலும், ஆயிரம் பேர்க்கு ஆயிரம் முறை ஒவ்வொன்றாக அளிப்பதே கொடுப்பவன் உள்ளத்தைப் பண்படுத்தும் என்பது அவர் தரும் விளக்கம்.

'மிஷ்னே தோரா' என்னும் தமது சட்டப் பெருநூலில் அவர் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். மனம் நொந்து கொடுப்பது கடைப்படி. தகுந்த அளவினும் குறைவாயினும் முகமலர்ந்து கொடுப்பது அதற்கு மேல். கேட்டபின் கொடுப்பதும், கேளாமுன் கொடுப்பதும் அடுத்தடுத்த படிகள். கொடுத்தவனை ஏற்பவன் அறிந்திருக்க, ஏற்றவனைக் கொடுப்பவன் அறியாதிருத்தல் அவற்றிலும் உயர்ந்தது. துணியின் தலைப்பிற் காசை முடிந்து முதுகுப்புறம் தொங்கவிட்டு நடந்த பெரியோரை அவர் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார். வறியவர் பின்னே வந்து நாணமின்றி எடுத்துக்கொள்வர். ஏற்பவன் அறியாவண்ணம் கொடுப்பவன் வழங்குதல் அதற்கும் மேல். இருவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது இரண்டாம் படி. எல்லாவற்றுக்கும் உச்சியிலுள்ளது யாதெனின், வீழப்போகின்றவன் வீழுமுன்னரே, நன்கொடையாலோ கடனாலோ, தொழிலிற் கூட்டாகச் சேர்த்தோ, வேலை தேடித் தந்தோ அவன் கையை வலுப்படுத்தி, இனி யாரிடமும் கேளாதிருக்கச் செய்தலாம்.

இவ்வுச்சிப் படியிற் கடனும் இடம்பெறுதல் சிந்திக்கத் தக்கது. கடன் கொடுத்தவன், திருப்பித் தர வழியில்லாத கடனாளியை நெருக்கலாகாது. அவன் நாணாதிருக்கும்பொருட்டு அவன் கண்ணெதிரே நடந்து செல்லவும் ஆகாது என்று அந்நூல் விதிக்கிறது.

இவ்விதியை மனத்திருத்தி நம் மலையகத்தை நோக்குவோம். தென்னிந்தியச் சிற்றூர்களினின்று தோட்டங்களுக்கு வந்த மக்களுக்கு முதலிற் கிடைத்ததும் கடனே. வழிச்செலவுக்கெனக் கங்காணி தந்த முற்பணம் அவர்தம் பெயரிற் பற்றெழுதப்பட்டது. கடனைச் செலுத்துவோர் ஆட்களைப் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதிய 'துண்டு' என்னும் சீட்டுடன் அவர்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டனர். 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் என்னும் சொல் ஒன்றே. ஒருவனை எழுந்து நிற்கச் செய்வதும் அதுவே, அவனைக் கட்டிப்போடுவதும் அதுவே. ஏற்றவன் பின்னர் விடுதலை பெற்றானா, பிணைப்புண்டானா என்பதே அதன் உரைகல்.

கூலியைப் பற்றியும் மைமோனிடிஸ் கடுமையாகவே பேசுகிறார். கூலியைத் தடுத்து வைப்பவன் தொழிலாளியின் உயிரைக் கவர்ந்தவனுக்கு ஒப்பாவான். கூலி உரிமையே, கருணையன்று. மலையகத்தில் இவ்வுண்மை நிலைபெற நெடுங்காலம் சென்றது. 1927இல் இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தது. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். கொழுந்து பறிக்கும் கைகள் தாமே சந்தா செலுத்தித் தமக்கென ஓர் அமைப்பைத் தாங்கியது, கையை வலுப்படுத்துதல் என்னும் உச்சிப் படிக்கு அண்மையதாகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984இலேதான் வந்தது.

நீதி குன்றிய இடத்தில் ஈகை எத்துணை பெருகினும் குறை தீராது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றதும் 1970களிலேதான். லயத்து அறையோ தோட்டத்துக்கு உரியது, வேலையோடு பிணைந்தது. குடியிருப்பவனுக்கு நிலத்தின்மீது உரிமையில்லாதவரை, கூரைத் தகடு மாற்றித் தருதல் நல்லுதவியேயாயினும் கீழ்ப்படியிலுள்ள உதவியே. உறுதி எழுதிய காணித்துண்டொன்று அவனை மேற்படிக்கு உயர்த்தும்.

மலையகத்தில் உதவி புரியும் நம் கல்லூரிச் சமூகத்துக்கும் இதிற் பாடம் உண்டு. வெள்ளக் காலத்தில் அரிசிப் பொதி வேண்டியதே. பசித்தவன்முன் மெய்யியல் பேசுதல் அறமாகாது. ஆயினும், பொதியை ஏந்தி நிற்கும் மாணவனை நிழற்படம் எடுக்கும்போது, துணித்தலைப்பிற் காசு முடிந்து முன்னே நடந்த பெரியோரை நினைத்துக்கொள்ளுதல் நன்று. லயத்திலிருந்து வரும் மாணவி உயர்தர வகுப்பை முடிக்கும்வரை, பெயர் சொல்லாது மாதந்தோறும் சிறுதொகை அனுப்பும் பழைய மாணவர் ஒருவர் இரு படிகளை ஒருங்கே ஏறியவராவார்: அவள் நாணமுறாள், நாளை அவள் பிறரைக் கேளாள். அவ்வாறு கற்றெழுந்தவள் தன் தோட்டத்துப் பிள்ளையொன்றுக்குக் கை கொடுக்கும் நாளிலேயே ஈகை தன் பயனை முற்ற எய்தும்.