மார்கழியில் ஒரு பொய்ப் பனிமலை

காலை ஐந்தே முக்கால். கோலார் தங்கவயல். பல் தந்தியடிக்கிறது. "சத்தம் போடாம வாங்கண்ணே" என்கிற தம்பியின் பையிலிருந்துதான் பாத்திரக்கடை மாதிரி சத்தம்! குளிர்காலம் பூராவும் இந்த ஊரைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்கிறவன். ஒரு விடியலுக்கு என்னையும் சேர்த்துக்கொண்டான். வாங்க, நீங்களும் கூடவே.

அந்தப் பையைப் பார்க்கணுமே! பாதி கடித்த பன், லென்ஸ் துடைக்க அம்மாவின் பழைய புடவைத் துண்டு, தூசி தட்ட ஷேவிங் பிரஷ், இவற்றுக்கு நடுவில் ஒரு ஓரமாய் கேமரா. பேட்டரியைக் காணோம். பனியனுக்குள் வைத்திருக்கிறான். குளிரில் சீக்கிரம் இறங்கிடுமாம். "கோழி அடைகாக்குது பாருங்க" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

ஆறரை. பனிமூட்டத்துக்கு மேலே சுரங்கத்தின் இரும்புக் கோபுரம், முதலில் சக்கரம் மட்டும். ஆகா! கண்ணை வைத்தான், மூச்சுக்காற்று பட்டு வ்யூஃபைண்டர் மங்கிப்போச்சு. துடைத்து நிமிர்ந்தால் எதிரே பன்னிரண்டு ஆடு. சக்கரத்தை விட்டுவிட்டு ஆட்டையே எடுத்தான். அன்றைக்கு விழுந்ததில் அதுதான் நல்ல படம் என்பேன்.

அப்புறம் வந்தார் மஃப்ளர் சுற்றிய பெரியவர், பழைய சுரங்கத் தொழிலாளி. "இதெல்லாம் ஒரு குளிரா? கீழ பாறையே சுடும் தம்பி, கோவணத்தோட வேர்த்து ஊத்துவோம்." சும்மா சொல்லவில்லை, சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. படத்துக்கு மட்டும் மஃப்ளரைக் கழற்றி, முடியைக் கோதி, விறைப்பாக நின்றார். கிளிக் ஆனதும் நடுங்கிக்கொண்டே மறுபடி சுற்றிக்கொண்டார்! சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28. அந்தத் தேதியை நாங்கள் கேட்காமலே சொன்னார்.

பிசாநத்தம் பக்கம் வெளிமானுக்குப் போனோம். கிடைத்தது மூன்று பின்புறம். மேலே போவோம்.

கடைசியில் அந்த வெள்ளை மலை. இளவெயில் பட்டதும் தகதக! இந்தப் படத்தைப் பார்க்கிற வெளியூர்க்காரர் எல்லாம் "காஷ்மீரா?" என்கிறார்களாம். பனி இல்லைங்க. பாறையை மாவாக அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய கழிவு. இப்படி 13 மேடு, மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல். மழை அரித்த வரிகள்தான் படத்தில் மலைமடிப்பாய்த் தெரிகின்றன. மேலே ஏறாமல் சாலையோரமே நின்று, வயிறு தரையில் பட எடுத்தான். எழுந்தபோது சட்டை பூரா வெள்ளை. "வீட்ல தனி பக்கெட் வெச்சிருக்காங்க எனக்கு."

பத்து மணிக்குக் காற்று கிளம்பியது. மலையே பறக்கிற மாதிரி தூசி. அவனுக்கு அதுவும் நல்ல ஃபிரேம். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

வருவதென்றால் தை முடிவதற்குள் வாங்க. பத்து மணிக்குள் கிளம்பிடுங்க. மூக்கில் கட்ட ஒரு துணி, லென்ஸுக்கு வேறொரு துணி.