தாய்ப் பத்திரத்தில் தாயின் பெயர் இல்லை!

கல்யாணப் பேச்சு எழுந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்பதுதான். ஊர்ப் பெயர் சட்டென்று வந்துவிடும். தாத்தாவின் பெயரும் வந்துவிடும். தாத்தாவின் தகப்பனார் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசனை. அதற்கும் மேலே போனால், "அவர் பெரிய மனுஷராம், பட்டாளத்தில் இருந்தாராம், நூறு ஏக்கர் கரிசல் வைத்திருந்தாராம்" என்று எல்லாம் 'ஆம்' போட்ட கதையாகிவிடும்.

இந்த 'ஆம்'களையெல்லாம் காகிதத்தில் சரிபார்த்துவிட முடியுமா? ஓரளவு முடியும். கும்பினியாருக்கு நம் நாட்டில் இரண்டு காரியங்கள் முக்கியமாக இருந்தன. ஒன்று வரி வசூல், மற்றொன்று பட்டாளம். வரி கட்டுகிறவன் பெயரையும், சம்பளம் வாங்குகிற சிப்பாயின் பெயரையும் எழுதாமல் இந்த இரண்டும் நடக்காது. ஆகவே நிலக் கணக்கும் ராணுவக் கணக்கும் நமக்கு வம்சாவளிப் புத்தகங்களாக வந்து வாய்த்திருக்கின்றன. ஆனால், சர்க்காருக்கு யாரிடம் காரியம் இருந்ததோ அவர்களைத்தான் அந்தப் புத்தகங்கள் நினைவு வைத்திருக்கும். இதை மறந்தால் தேடுகிறவர் ஏமாந்து போவார்.

ஜமீனுக்கு ஒரு ஜாதகம்

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டில் இருக்கும் இளையரசனேந்தலை எடுத்துக்கொள்வோம். பழைய திருநெல்வேலி ஜில்லாவில், சங்கரன்கோவில் தாலுகாவில் இது ஒரு ஜமீன். தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறிய நாயக்கர் குடும்பம் ஆண்ட ஊர்.

இந்தச் சீமையின் காகிதக் கதை யுத்தத்தில் ஆரம்பமாகிறது. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-இல் ஊமைத்துரையின் தலைமையில் பாஞ்சாலங்குறிச்சி மறுபடியும் பொங்கியது. மே மாதம் கோட்டை விழுந்தது. அதன் பிறகு பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1803-இல் கும்பினியார் பாளையக்காரர்களை ஜமீன்தார்களாக்கி, ஆண்டுதோறும் கட்டவேண்டிய பேஷ்குஷ் தொகையை நிரந்தரமாக நிர்ணயித்துச் சனது கொடுத்தார்கள். பாளையம் போய் ஜமீன் பிறந்தது. ஜமீன் குடும்பங்களுக்கு அந்தச் சனதுதான் ஜாதகம்.

அதற்கு முந்தைய தலைமுறைகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு ராணுவ உத்தியோகஸ்தரே கைகொடுக்கிறார். அவர் காலின் மெக்கன்சி. 1783-இல் சென்னைக்கு வந்த பொறியாளர். பின்னால் 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலானவர். நிலத்தை அளந்துகொண்டே, காவலி வேங்கட பொறையா போன்ற நம்மவர்களின் உதவியோடு ஊர் ஊராகச் சரித்திரமும் சேகரித்தார். பாளையக்காரர்கள் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லி எழுதுவித்த வம்சாவளிகளும் அந்தச் சேகரிப்பில் உண்டு. அவற்றில் பல சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரு ஜாக்கிரதை: பட்டம் நிலைக்கவேண்டும் என்ற கவலையோடு எழுதியவை அவை. ராஜாவிடம் பட்டம் பெற்றதும் புலியைக் கொன்றதும் தாராளமாக வரும். பெயர் வரிசையை நம்பலாம். புலியைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கலாம்!

உழுதவன் பெயர் எங்கே?

ஜமீன்தாரின் பெயர் கிடைத்துவிட்டது. அந்த மண்ணை உழுத குடியானவன் பெயர்?

ரயத்துவாரிக் கிராமமானால் சர்க்கார் குடியானவனிடமே நேராக வரி வாங்கியது. ஆகவே அவன் பெயரும் சர்வே எண்ணும் 19-ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளிலேயே அகப்படும். ஜமீன் கிராமத்தில் அப்படி இல்லை. குடியானவன் ஜமீனுக்குக் கட்டினான். ஜமீன் சர்க்காருக்குக் கட்டியது. குடியானவன் பெயர் ஜமீன் கணக்குப்பிள்ளையின் ஏட்டோடு நின்றுவிட்டது. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, அளவும் செட்டில்மெண்டும் நடந்து, ரயத்துவாரிப் பட்டா கையில் கிடைத்த பிறகுதான் அவன் சர்க்கார் புத்தகத்தில் ஏறினான். 'எங்கள் தாத்தாவின் பெயர் பழைய பதிவேட்டில் இல்லையே' என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மலைக்க வேண்டியதில்லை. தாத்தா இருந்தார், சர்க்காருக்குத்தான் அவரிடம் காரியம் இல்லை.

காகிதம் கைவிட்ட இடத்தில் பாட்டிமார் கைகொடுத்ததும் இதே கரிசல் பூமியில்தான். பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976-இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' நாவலில், தெலுங்கு நாட்டிலிருந்து ஜனங்கள் ஓடிவந்த கதையைச் சொல்பவள் மங்கத்தாயாரு என்ற முதுகிழவி.

பட்டாளத்துப் பேரேடு

இனி பட்டாளத்துக்கு வருவோம். வெள்ளைக்கார உத்தியோகஸ்தரின் சந்ததியார் என்றால் வேலை சுலபம். கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்த இளைஞர்கள் தாக்கல் செய்த விண்ணப்பங்கள், ஞானஸ்நானச் சான்றுகள் உள்பட, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சென்னை ராஜதானியின் மாதா கோயில்களில் பதிவான ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களும் அங்கே உண்டு. இங்கேயுள்ள வெள்ளையர் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-இல் புத்தகமாக்கினார்.

நம் ஊர்ச் சிப்பாயின் தடம் மெலிந்தது. ஆனாலும் அடியோடு இல்லாமல் போகவில்லை. 1914-இல் மூண்ட முதல் உலக யுத்தத்தில் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் சேவை செய்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று பொறித்த சிறு கல் பலகைகளைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இன்றும் காணலாம். அதில் எண்ணிக்கைதான் இருக்கும். மாண்டவரின் பெயரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேட வேண்டும். அங்கே பல இந்தியச் சிப்பாய்களுக்குத் தகப்பனார் பெயரும் சொந்த ஊரும்கூடக் குறித்திருக்கிறார்கள்.

ஒரு மகள் வென்ற வழக்கு

இத்தனை காகிதங்களிலும் பெண்கள் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நிலம் வாங்கும்போது முந்தைய கிரயத்தை 'தாய்ப் பத்திரம்' என்கிறோம். அதைப் பிரித்துப் படித்தால் இன்னாருடைய குமாரர் இன்னார் என்றுதான் வரிசை போகும். பெயரில்தான் தாய், உள்ளே எல்லாம் தகப்பன்மார்!

ஆனால் பெண் எதிர்த்து நின்ற இடத்தில் அவள் பெயரைக் காகிதத்தால் மறைக்க முடியவில்லை. சிவகங்கையைப் பாருங்கள். 1801-இல் மருது சகோதரர்களை எதிர்த்து நடந்த யுத்தத்தின் நடுவே, கும்பினியார் கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கைக்கு அதிபதியாக்கினார்கள். 1803-இல் சனதும் கொடுத்தார்கள். 1829-இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மனைவியரும் பெண்களும் இருக்க, அண்ணன் வழியினர் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். விதவை அங்கமுத்து நாச்சியார் வழக்காடினார். அவர் காலமான பிறகு மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில்வரை போயிற்று.

கேள்வி இதுதான்: ஜமீன் பூர்வீகச் சொத்தா, கௌரி வல்லபர் தாமே அடைந்ததா? விடை 1801-ஆம் ஆண்டு யுத்த காலத்து நியமனத்திலும் அதைத் தொடர்ந்த சனதிலும் இருந்தது. 'முன்னோர் வழியாக வரவில்லை. கும்பினியார் இவருக்கென்றே கொடுத்தது. ஆகவே சுயார்ஜிதம்' என்று 1863-இல் தீர்ப்பாயிற்று. குடும்பம் பாகம் பிரியாததாக இருந்தாலும், சுயார்ஜிதம் அண்ணன் பிள்ளைகளுக்குப் போகாது. விதவைக்கும் அவளுக்குப் பின் மகளுக்கும் வரும் என்று நிலைத்தது. தகப்பனார் இறந்து முப்பத்து நான்கு வருஷம் கழித்து மகள் ஜெயித்தாள். இந்து சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது.

தேடத் தொடங்குமுன்

பூர்வீகம் தேட விரும்பும் வீட்டார் மூன்று காரியங்களை முதலில் செய்யலாம். கிராமம் ஜமீனா, ரயத்துவாரியா, இனாமா என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பதிவேட்டைப் புரட்டுவது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து, அந்த ஊர் அந்தந்தக் காலத்தில் எந்த ஜில்லாவில் இருந்தது என்று பாருங்கள். சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த இளையரசனேந்தல் பிர்கா பிற்பாடு தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்ந்தது. அதன் ஊராட்சிகளோ பிறகும் பல ஆண்டுகள் குருவிகுளம் ஒன்றியத்திலேயே இருந்தன. சங்கரன்கோவில் இப்போது 2019-இல் பிறந்த தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே ஊரின் கட்டுகளுக்காக மூன்று மாவட்டங்களில் விசாரிக்க நேரலாம்! பழைய ரெவின்யூ, ராணுவ நடவடிக்கைக் குறிப்புகளுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

மூன்றாவதுதான் அவசரமானது. பத்திரங்கள் இரும்புப் பெட்டியில் காத்திருக்கும். பாட்டிமார் காத்திருக்க மாட்டார்கள். வீட்டில் மூத்த பெண்மணியிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். அவருடைய தாயார் பெயர், தாயாரின் தாயார் பெயர், அவர்கள் பிறந்த ஊர் என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சர்க்காரும் எழுதாத பதிவேடு அது. எழுதியவுடன் அன்றைய தேதியையும் போட்டுவிடுங்கள். நூறு வருஷம் கழித்துத் தேடுகிறவளுக்கு உபயோகப்படும்.